ஐம்பத்தேழில் எடுத்த கறி

டெஸ் ஃபர்லாங்கோடு பதினொரு வருஷம் ஒரே குழியில் லாரி ஓட்டியிருக்கிறேன். இரும்புக்கல் சுரங்கம். ரெண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. ஒரே விமானத்தில் வருவோம், ஒரே விமானத்தில் திரும்புவோம். கேம்பில் அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அவன் இருமினால் எனக்குத் தூக்கம் போகும். ஒருத்தனைத் தெரிந்துகொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவன் பெண்டாட்டி வீட்டில் கறி எத்தனை டிகிரியில் வெந்தது என்பதுவரை தெரியவந்த பிறகுதான், அதற்கு முன் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்று புரிந்தது.

டெஸ் ஜெரால்ட்டன்காரன், கடலோர ஊர். அவன் அப்பா சிங்கி இறால் படகில் கூடை இழுத்தவர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டெஸ்ஸும் அதே படகில் ஏறினான். முதுகு போனது. கரைக்கு வந்து ஆட்டுக்கு மயிர் கத்தரித்தான். முதுகு இன்னும் கொஞ்சம் போனது. பிறகு இங்கே வந்து உட்கார்ந்தபடி செய்கிற வேலையைப் பிடித்துக்கொண்டான். இப்போது ஐம்பத்தெட்டு வயது. குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி உடம்பு. இடது காதை இஞ்சினுக்குக் கொடுத்துவிட்டதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். பேச்சும் அதிகம் கிடையாது. ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் "காத்து எப்படி?" என்பான். ஜெரால்ட்டனில் மரமே காற்றுக்குப் பயந்து படுத்துக்கொண்டுதான் வளரும். அங்கே அது நல்ல கேள்விதான்.

அவன் மனைவி ஜனெல். பல் மருத்துவமனையில் முன்னால் உட்கார்ந்து ஆட்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை. முப்பத்தொரு வருஷக் கல்யாணம். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவன் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அவனுடைய ஐம்பத்து நாலாவது பிறந்தநாளுக்கு ஜனெல்தான் அந்த வெப்பமானியை வாங்கிக் கொடுத்தாள். பென்சில் நீளத்துக்கு ஒரு இரும்புக் குச்சி. ஒயர் கிடையாது. கூரான முனையைக் கறிக்குள் குத்திவிட்டால் உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டும்; வெளியே நிற்கிற முனை அடுப்புச் சூட்டைச் சொல்லும். கண்ணாடிக் கூடு மாதிரி ஒரு பெட்டி உண்டு, குச்சியை அதில் படுக்க வைத்தால் சார்ஜ் ஏறும். அந்தப் பெட்டியே வீட்டு இணையத்தோடு சேர்ந்துகொண்டு எண்ணைப் போனுக்கு அனுப்பிவிடும். போன் எங்கே இருந்தாலும் சரி. எத்தனை டிகிரியில் எடுக்க வேண்டும் என்று ஒரு அளவு வைத்துவிட்டால், அதைத் தொட்டதும் மணி அடிக்கும்.

"எனக்கு எதுக்கு இது? விரலால அமுக்கிப் பார்த்தா தெரியாதா?" என்றானாம் டெஸ்.

"நல்லாத் தெரியும். அதனாலதான் ரெண்டு மணிச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுறோம்" என்றாளாம் அவள்.

அவளுடைய குறை அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடையை மூடி போட்ட பார்பிக்யூ அடுப்பில் வைத்துவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பார்ப்பான். கடற்காற்று உள்ளே புகுந்து இருக்கிற சூட்டை எல்லாம் வாரிக்கொண்டு போகும். குச்சி வந்த பிறகு மூடியைத் தொடுவதே இல்லை. பீரைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். எழுபத்து நாலு அவன் கணக்கு. உள்ளே ஒரு சொட்டுச் சிவப்பு இருக்கக் கூடாது. கொஞ்சம் இளஞ்சிவப்பாக யாராவது தட்டில் வைத்துவிட்டால், "ஆடு இன்னும் கத்துது, கொண்டு போய் வை" என்பான்.

அவன் சுரங்கத்தில் இருக்கிற ஞாயிறுகளில் அவளே அடுப்பை மூட்டிக் கறியை வைப்பாள். மீதியை வாரம் முழுக்க ரொட்டிக்குள் வைத்து வேலைக்கு எடுத்துப் போவாள். அவள் அடுப்பு அங்கே எரிய, எண் இங்கே டெஸ்ஸின் போனில் ஏறும். எங்களுக்குப் பன்னிரண்டு மணிக்கு முதல் இடைவேளை, மூன்று மணிக்கு அடுத்தது. லாரிக்குள் போன் கொண்டுபோனால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் போன்கள் எல்லாம் சாப்பாட்டுக் கொட்டகையில் அவரவர் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். டெஸ் வந்ததும் கைகூடக் கழுவாமல் பெட்டியைத் திறப்பான். கொட்டகைப் படியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றால்தான் சிக்னல் நன்றாக வரும். அங்கே நின்றபடி அவளுக்குச் செய்தி அனுப்புவான்.

"அம்பத்தாறு. காத்து அடங்கிருச்சா?"

"அடங்கிருச்சு. உருளைக்கிழங்கு இப்ப வைக்கவா?"

"வை. மூடியைத் திறந்தியா? ரெண்டு டிகிரி இறங்குச்சு."

"பூசணிக்காய் வச்சேன். போலீஸ்காரனா நீ?"

இதை எல்லாம் எங்களுக்கு வாசித்தும் காட்டுவான், முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டு. கொட்டகையில் அவனுக்கு டிகிரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பத்தாவது தாண்டாதவனெல்லாம் டிகிரி வாங்கிட்டான் பாரு" என்று நானும் என் பங்குக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் கண்டுகொள்ள மாட்டான். இப்போது யோசித்தால், அந்தக் குச்சி வருவதற்கு முன்னால் அவர்கள் ரெண்டு பேரும் அவ்வளவு பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

போன வருஷம் அக்டோபரில் ஜனெல் அவனைப் போகச் சொல்லிவிட்டாள். அவன் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லியிருக்கிறாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

"நீ இல்லாத ரெண்டு வாரத்துக்கு நான் பழகிட்டேன் டெஸ். நீ வர்ற ஒரு வாரத்துக்குத்தான் என்னால பழக முடியல."

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம். அந்த விமானத்தில் என் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்து வந்தான், பைலட் முதுகைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு. எனக்கு விஷயம் தெரிய எட்டு நாள் ஆனது.

அடுத்த விடுமுறையில் போய்த் துணிமணி, தூண்டில், ஒரு நாற்காலி, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு அவன் அண்ணன் வீட்டுக் கொல்லையில் நிற்கிற கேரவனுக்கு மாறினான். அடுப்பை எடுக்கவில்லை. குச்சியை எடுக்கவில்லை. அடுப்பையும் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டால் பிரிந்தது பிரிந்ததாகவே ஆகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ.

அதற்கடுத்த ஞாயிறு, கொட்டகையில் நாங்கள் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட இறைச்சி பை தின்றுகொண்டிருக்கும்போது அவன் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தான். வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா, யாரு செத்தா?" என்றேன்.

போனை என் பக்கம் திருப்பினான். முப்பத்தொன்பது. அளவு எழுபத்து நாலு. அடுப்பு நூற்று எண்பது.

குச்சிக்காக ரெண்டு போனிலும் சேர்த்துத் திறந்த கணக்கு அவன் போனில் அப்படியே இருந்திருக்கிறது. அவளும் எடுக்கவில்லை, இவனும் எடுக்கவில்லை. ரெண்டு பேருக்கும் அப்படி ஒன்று இருப்பதே மறந்திருக்கும் என்று நான் நினைத்தேன்.

"எடுத்துரு" என்றேன்.

"எடுத்துருவேன்" என்றான்.

எடுக்கவில்லை. பதினொரு மாதம் எடுக்கவில்லை.

அந்தப் பதினொரு மாதமும் அவளோடு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிடவும் இல்லை, செய்தி அனுப்பவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் படியில் போய் நின்று எண்ணை மட்டும் பார்ப்பான். வெறும் எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவன் அதை ஆள் மாதிரி வாசித்தான்.

"பதினொண்ணே கால் ஆகியிருக்கு வைக்கும்போது. எப்பவும் பத்தரை. தூங்கியிருக்கா."

"அடுப்பு இறங்கி இறங்கி ஏறுது பார். தெக்குக் காத்து. காத்தை மறைக்க ஒரு பலகையைச் சாத்தி வைக்கணும், வச்சிருக்க மாட்டா."

மூன்று மணி இடைவேளையில் பார்த்தால் கறி எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் குச்சி பெட்டிக்குப் போகிறவரை எண் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் இருபத்தைந்தில் கிடந்த எண் சட்டென்று நாற்பத்தொன்பதுக்குத் தாவியது. நான் பதறிப்போய், "அடுப்புல விழுந்துருச்சாய்யா?" என்றேன்.

டெஸ் சிரித்தான். அவன் பல்லைப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது.

"பாத்திரம் கழுவுறா" என்றான். "இவ்வளவு சூடான தண்ணியில கையை விடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கையுறையும் போட மாட்டா. கை எல்லாம் சிவந்துரும்."

எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அப்புறம் நின்றது. திரையில் மின்னல் குறி வந்தது, பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அவன் போனைப் பூட்டிவிட்டு லாரிக்கு நடந்தான். அடுத்த ஞாயிறுவரை அதுதான் அவனுக்கு.

நான் கிண்டல் செய்வதை அதோடு விட்டுவிட்டேன். ரெண்டு வாரத்துக்கு மேல் விட முடியவில்லை, அது வேறு.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. படியில் நின்றவன் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். தொட்டியில் சாய்ந்து நின்றான்.

"அம்பத்தேழு" என்றான்.

"ஏறிரும். நேரம் இருக்குல்ல."

"டேய் ரோலி, ஏறுனதைச் சொல்லல. அளவே அம்பத்தேழு. அம்பத்தேழுல மணி அடிக்கச் சொல்லி வச்சிருக்கா. அடிச்சாச்சு, எடுத்தாச்சு."

எனக்கு அது புரியவில்லை. சமையல் புரிந்தவளிடம் கேட்கலாம் என்று அன்று வேலை முடிந்து மெஸ்ஸில் ஸீனாவிடம் போனோம். ஸீனா சமோவாக்காரி, எங்கள் மெஸ்ஸின் தலைமைச் சமையல்காரி. நானூறு பேருக்குச் சமைக்கிறவள். மேலாளருக்குப் பயப்படாதவன்கூட அவளுக்குப் பயப்படுவான். கோழி வைத்த தட்டுக்குள் ஒயர் வெப்பமானியைச் சொருகிக்கொண்டிருந்தாள்.

"ஸீனா, ஆட்டுத்தொடை அம்பத்தேழுன்னா என்ன?" என்றேன்.

"நல்ல ஆட்டுத்தொடைன்னு அர்த்தம்."

"இல்ல, எப்படி இருக்கும்?"

"உள்ள ரோஸ் கலர்ல இருக்கும். வெட்டுனா சாறு ஓடும். உங்களுக்கு நான் போடுறேனே ஓரத்துக் கறி, செருப்புத் தோலு, அதுக்கு நேர் எதிர்." நிமிர்ந்து எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தாள். "ஏன், யாரு வைக்கிறா?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாத்திரம் கழுவினதுவரை. வெப்பமானியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஆக, வேற யாரோ வந்துட்டான்னு நினைக்கிற" என்றாள் டெஸ்ஸிடம்.

"அவ சிவப்பா தின்ன மாட்டா. முப்பத்தொரு வருஷமா நான் பார்த்திருக்கேன். தின்னதே இல்ல."

"அப்ப திங்கிறவன் எவனோ."

"ஆமா."

"சரி. இருக்கட்டுமே. உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவன் மூஞ்சியா இது? இங்க பாரு, பெரிய மனுஷா. அடுத்தவ அடுப்படியில அவளுக்குத் தெரியாம நின்னுட்டிருக்க. ஒண்ணு, நான் நிக்கிறேன்னு சொல்லு. இல்ல, வெளிய வா. ரெண்டும் இல்லாம நிக்கிறது நல்லா இல்ல."

ஸீனா சொன்னதில் தப்பே இல்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனால் ஜனெலிடம் சொன்னால் அவள் அவனைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவாள். தானாக வெளியே வந்தாலும் அதே கதிதான். எப்படிப் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி காலியாகிவிடும். அவனுக்கு ஜனெலோடு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஐம்பத்தேழு. விடுமுறை வாரத்தில் அவள் தெருப்பக்கம் போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். ரெண்டு தடவை வண்டியை அந்தத் தெரு முனைவரை ஓட்டிப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தானாம். "வாசல்ல வேற வண்டி நின்னா என்ன பண்றதுடா?" என்றான். அதனால் வாசலைப் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்தான். கறி எவ்வளவு சிவப்பு என்று பார்த்து, அதைத் தின்கிறவனுக்கு முகம் வரைந்துகொண்டிருந்தான். ஒரு நாள் அவன் டென்டிஸ்ட், ஒரு நாள் படகு வைத்திருக்கிறவன், ஒரு நாள் இங்கிலீஷ்காரன்.

"பொண்டாட்டி மேல சந்தேகம்னா சட்டையில தலைமுடி தேடுவானுங்க" என்றேன். "நீ என்னய்யா, ஆட்டுத்தொடையில தேடுற."

"வாயை மூடு ரோலி."

மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் மாதம், ரெண்டாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். காலையிலிருந்தே புழுதி. அவனுடைய லாரியில் பிரேக் சரியில்லை என்று ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து, மேற்பார்வையாளன் அவனைத்தான் திட்டினான். பன்னிரண்டு மணிக்குக் கொட்டகைக்கு வந்தபோதே ஆள் சரியில்லை. சாப்பாட்டைப் பிரிக்காமல் படிக்குப் போனான். நானும் சிகரெட்டோடு பின்னால் போனேன்.

பன்னிரண்டேகாலுக்கு ஐம்பது. பன்னிரண்டு இருபதுக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தைந்துக்கு ஐம்பத்து நாலு.

"இன்னும் மூணு" என்றான். "மூணு டிகிரியில மணி அடிக்கும். அவ உள்ளேருந்து ஓடி வருவா. அவன் தட்டை வச்சிட்டு உக்காந்திருப்பான்."

"உள்ள வா. பை ஆறிப் போச்சு."

அவன் வரவில்லை. போனில் பெருவிரலை வைத்து எதையோ இழுத்தான். கறியைப் பார்ப்பதற்கு மட்டும்தான் அந்தப் போனில் இடம் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அளவையும் மாற்றலாம். ஐம்பத்தேழு என்று இருந்ததைப் பிடித்து மேலே இழுத்து எழுபத்து நாலில் நிறுத்தினான். விரலை எடுத்தான்.

"என்னய்யா பண்ண?"

"தின்னட்டும்" என்றான். "நான் தின்ன மாதிரியே தின்னட்டும்."

சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. செய்தது என்ன என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். "ஐயோ" என்று மறுபடி போனைத் தொட்டான். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. புழுதி வந்தால் எங்களுக்குச் சிக்னல் அப்படித்தான். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான், தொட்டியின் ஏணியில் ரெண்டு படி ஏறினான். சுற்றிக்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளன் வாசலில் நின்று கையைத் தட்டினான். "டெஸ், காலையில ஒரு மணி நேரம் போனது போதாதா? ஏறு வண்டியில."

"ரெண்டு நிமிஷம்."

"போனை உள்ள வை. இல்ல, அதையும் எடுத்துட்டு விமானத்துக்கு நட."

வைத்தான். பூட்டினான். லாரிக்குப் போனான்.

அவனுக்குப் பின்னாலேயே என் லாரி. குழியில் இறங்கி, கல்லை ஏற்றி, மேலே போய்க் கொட்டிவிட்டு மறுபடி இறங்க முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். நாலு நடை. முதல் நடையில் ரேடியோவில் என்னைக் கூப்பிட்டு, "இப்ப அம்பத்தொம்பது இருக்கும்" என்றான். எல்லாரும் கேட்கிற ரேடியோ அது. ரெண்டாவது நடையில், "மணி அடிச்சிருக்காது ரோலி" என்றான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் குரல் என்ன மணி என்று கேட்டது. மூன்று மணிவரை அவன் லாரியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு தடவைகூட வேகம் மாறவில்லை. ஒழுங்காகத்தான் ஓட்டினான், பாவி.

மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தான். கோடு ஐம்பத்தேழைத் தாண்டி, அறுபத்தைந்தைத் தாண்டி, எழுபத்தொன்றில் போய் உடைந்து விழுந்திருந்தது. கறியை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு குச்சி நேராகப் பெட்டிக்குப் போயிருந்தது.

"கழுவவே இல்ல" என்றான்.

அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. கணக்கு இன்னும் போனில் இருந்தது, அவள் அவனை நீக்கவில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

ஆறரை மணிக்கு, வேலை முடிந்து, அவன் அறைப் படியில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் போன் போட்டான். நான் என் அறைப் படியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். "இரு" என்று கையைக் காட்டினான். இருந்தேன்.

"ஜனெல்" என்றான்.

"நீதான?" என்றது ஸ்பீக்கர். அவள் குரலைக் கேட்டு எனக்கும் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"நான்தான்."

"மத்தியானம் கொல்லையில துணி காயப் போட்டுட்டு நிக்கிறேன். மணி அடிக்கும், அடிக்கும்னு பார்க்கிறேன். அடிக்கவே இல்ல. போய்ப் பார்த்தா எழுபத்தொண்ணு. குச்சி கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா அளவு மாறியிருக்கு. இதை மாத்துறதுக்கு உலகத்துல ரெண்டு போன்தான் இருக்கு, டெஸ்."

"ரெண்டு போன்னு... உனக்குத் தெரியுமா?"

"முதல் நாள்லேர்ந்து தெரியும். திரையில மேலேயே போட்டிருக்கே. பன்னெண்டு மணிக்கு உன் பேரு பச்சையாகும். பன்னெண்டரைக்குப் போயிரும். மூணு மணிக்குத் திரும்ப வரும். உன் வேலை நேரம் எனக்குத் தெரியாதா?"

டெஸ் போனைத் தரையில் வைத்துவிட்டு ரெண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான்.

"ஜூலையில ரெண்டு ஞாயிறு நீ வரல" என்றாள் அவள்.

"போன் டயர்ல மாட்டி நசுங்கிருச்சு. புதுசு வாங்க நாளாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விழுந்து கிடக்கியான்னு ரோலியோட வீட்டுக்கெல்லாம் போன் போட்டேன்."

என் வீட்டில் இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாதே என்று ஜனெல் சொல்லியிருப்பாள்.

"எப்படிச் சொல்றது?" என்றான் டெஸ். "நான் பார்க்கிறதே உனக்குத் தெரியாதுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. வந்த வேகத்தில் போனது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஏதாவது பேசியிருக்கலாம். கேட்கக் கூடாததைக் கேட்டான்.

"யாரு அது?"

"எது யாரு?"

"அம்பத்தேழு."

ஸ்பீக்கரில் நாற்காலி இழுபடுகிற சத்தம் வந்தது.

"நான்தான்" என்றாள். "நான்தான் டெஸ். வேற யாரு? ஒரு நாள் சும்மா முன்னாடியே எடுத்து வெட்டிப் பார்த்தேன். தின்னேன். நின்ன இடத்துலயே, கையால எடுத்துத் தின்னேன்."

"உனக்குப் பிடிக்காதுல்ல."

"உனக்குத்தான் பிடிக்காது."

"சொல்லியிருக்கலாமே ஜனெல்."

"சொன்னேன். கல்யாணமான புதுசுல, அந்த வாடகை வீட்டுல. நல்லா இருக்கு, இப்படியே சாப்பிடலாம்னேன். இன்னும் கத்துதுன்னு சொல்லி ரெண்டு தட்டையும் எடுத்துட்டுப் போய்த் திரும்ப அடுப்புல கொட்டுன. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அவனுக்கு அது ஞாபகமே இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஞாபகத்துக்குள் போய் எல்லா இடத்திலும் தேடினான் பாவம், கிடைக்கவில்லை.

"நீ பார்த்துட்டு இருந்த" என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அது பிடிச்சிருந்துச்சு. பன்னெண்டு அடிச்சதும் பேரு பச்சையாகுதான்னு பார்ப்பேன். ஆனா இன்னைக்குக் கையை வச்சுட்டியே."

"இனிமே வைக்க மாட்டேன்."

"மாட்ட. எனக்குத் தெரியும். ஆனா இனி ஒவ்வொரு ஞாயிறும் அளவு மாறிருச்சான்னு நான் அடுப்புக்கிட்டயே நிக்கணும். நின்னு நின்னுதான் முப்பத்தொரு வருஷம் போச்சு. நீயே வெளிய போயிரு. நான் எடுத்தா எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்."

அவன் போனை எடுத்தான். அழைப்பை வெட்டாமலே அதே போனில் கணக்கைத் திறந்தான். பெருவிரல் பெரிசு, ரெண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினான். உறுதியாகவா என்று போன் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

அழுத்தினான்.

"போயிருச்சா?" என்று கேட்டான்.

"ம். இப்ப ஒண்ணுதான் காட்டுது."

ரெண்டு பேரும் வைக்கவில்லை. அவள் பக்கத்தில் எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"காத்து எப்படி?" என்றான் டெஸ்.

"தெக்குக் காத்துதான்" என்றாள். "உடம்பைப் பார்த்துக்க." வைத்துவிட்டாள்.

அவன் அதற்குப் பிறகும் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தான், குடிக்கவில்லை. "எல்லாரும் சிரிச்சாங்களாம்" என்றான். "யாரு எல்லாரும்? யாரு இருந்தாங்க அன்னைக்கு?" எனக்கு எப்படித் தெரியும்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அவன் படிக்குப் போகவில்லை. எங்களோடு மேசையில் உட்கார்ந்து இறைச்சி பையைத் தின்றான், சுவரில் இருக்கிற கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி. சாயங்காலம் மெஸ்ஸில் ஆட்டுத்தொடை. ஸீனா பெரிய கத்தியோடு நின்று வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷமாக அவனுக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்டதே இல்லை. வெந்து கறுத்த ஓரத்தைத்தான் வெட்டி வைப்பாள். அன்றைக்கும் ஓரத்தில் கத்தியை வைத்தாள்.

"அது வேணாம்" என்றான் டெஸ். "நடுவுல."

"நடுவுல சிவப்பா இருக்கும்."

"தெரியும்."

ஸீனா என்னைப் பார்த்தாள். நடுவிலிருந்து மூன்று துண்டு வெட்டி வைத்தாள். எப்போதும் ரெண்டுதான் வைப்பாள்.

எதிரே உட்கார்ந்து அவன் தின்பதைப் பார்த்தேன். முதல் துண்டை வாயில் வைத்துவிட்டு, மெல்லாமல், மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாக்கில் எதையோ தேடுகிற மாதிரி. பிறகு மென்றான். தண்ணீர் குடித்தான். அடுத்த துண்டை வெட்டினான்.

"எப்படிய்யா இருக்கு?" என்றேன்.

"வழவழன்னு இருக்கு. எனக்குப் பிடிக்கல" என்றான்.

மூன்றையும் தின்று முடித்தான். ரொட்டியால் தட்டைத் துடைத்து அந்தச் சாற்றையும் தின்றான். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நின்றான்.